சாமித்துரையின் மரவீடு

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலத்தில் நாம் எல்லோரும் மனனம் செய்த ஒரு வரி உண்டு. இலங்கையில் வர்த்தகப் பயிராகத் தேயிலை முதன்முதலில் நடப்பட்டது 1867 இல், லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லரால். ஆண்டு, இடம், பெயர் மூன்றும் சரியாக இருந்தால் புள்ளி கிடைக்கும். அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எளிய வாழ்வு வாழ்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதும்படி எங்கள் தமிழ் மன்றத்தில் சொன்னபோது, மற்ற மாணவிகள் காந்தியடிகளையும் காமராசரையும் எடுத்துக்கொண்டார்கள். நான் டெய்லரை எடுத்துக்கொண்டேன். ஹற்றன் பக்கத்தில் தேயிலை மலைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, காலையில் எழுந்ததும் கண்ணில் படுவது அவர் தொடக்கிவைத்த காரியம்தான்.

ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் கின்கார்டின்ஷயர் என்ற பகுதி. அங்கே ஓக்கன்பிளே கிராமத்துக்கு அருகே ஒரு சிறு குடிசையில் 1835 மார்ச் 29 ஆம் திகதி டெய்லர் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய், மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே காலமானார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். படிப்பில் கெட்டிக்காரனான பையன், பதின்வயதிலேயே தான் படித்த பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான். ஊரில் இருந்திருந்தால் ஒரு கிராமத்து ஆசிரியராகவே முடிந்திருப்பான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டெய்லரின் உறவினர் ஒருவரும் இங்கே தோட்டத்தில் இருந்தார். 1851 இல், வருடத்துக்கு 100 பவுண் சம்பளம், மூன்று வருட ஒப்பந்தம் என்று கையெழுத்திட்டுவிட்டு, 16 வயதுப் பையன் கப்பலேறினான். 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கினான். பிறகு ஒருமுறைகூட ஸ்கொட்லாந்துக்குத் திரும்பவில்லை.

கண்டிக்கு அப்போது ரயில் கிடையாது. மலைக்குள் போக மாட்டு வண்டியும் குதிரையும் சொந்தக் கால்களும்தான். ஹேவாஹெட்டப் பகுதியில், இன்றைக்குத் தெல்தோட்டை வழியாகப் போகின்ற அந்த மலைச்சரிவில், லூல்கந்துர அப்போது பெரும்பாலும் காடு. டெய்லர் அங்கே சின்னதுரையாகச் சேர்ந்தார். மரம் வெட்டுவது, வெட்டியதை எரிப்பது, குழி தோண்டிக் கோப்பிக் கன்று நடுவது, மழையில் அரித்துப்போகாமல் கான் வெட்டுவது, இதுதான் வேலை. அவர் குடியிருந்தது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு. குளிருக்குக் கல்லால் கட்டிய அடுப்பும் புகைபோக்கியும். மலையகத்தில் ஒரு ஜூன் மாதத்தைக் கழித்தவர்களுக்கு அந்த வீட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், சுவரைத் தொட்டால் கை ஈரமாகும், மூடுபனி கதவைத் தட்டாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாழ்நாள் முழுவதும் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கண்டியில் நடக்கும் விருந்துகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் மற்றத் துரைமார் கூடிக் களித்த காலத்தில், இவர் தோட்டத்தை விட்டு நகர்வது அரிது. அவர் எடுத்த பெரிய விடுமுறை ஒன்றே ஒன்று, 1874 இல். அதற்கும் போன இடம் டார்ஜீலிங். அங்கே தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். விடுமுறையிலும் வேலை பார்த்த இப்படிப்பட்டவர்களை எங்கள் வீட்டில் புத்தி பேதலித்தவர் என்பார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் முன்னோடி என்பார்கள். ஊரிலிருந்த தந்தைக்கு மட்டும் தொடர்ந்து கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

தேயிலைக்கு முன்னர் அவர் கை வைத்தது சிங்கோனாவில். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் வழியில் நாம் சுற்றுலா போகின்ற ஹக்கல பூந்தோட்டமே 1861 இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான். அடுத்து அஸ்ஸாம் தேயிலை விதை வந்தது. 1867 இல் லூல்கந்துரவின் 7 ஆம் இலக்க மலையில் 19 ஏக்கரில் நட்டார்.

கொழுந்து வந்த பிறகு அதைத் தூளாக்க வேண்டுமே! தொழிற்சாலை இல்லை; இயந்திரம் இல்லை. அவருடைய பங்களா வராந்தாதான் முதல் தொழிற்சாலை. வாடிய கொழுந்தை மேசையில் பரப்பிக் கையால், முழங்கை வரை அழுத்தி உருட்டிச் சுருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, மேலே தட்டு வைத்து உலர்த்தினார்கள். உம்மா வீட்டில் அப்பளம் காய வைக்கின்ற அளவில் நடந்த வேலை அது. 1872 இல் தனியாக ஒரு தொழிற்சாலை கட்டி, தாமே வடிவமைத்த ஒரு சுருட்டும் இயந்திரத்தையும் வைத்தார். 1873 இல் இலண்டனுக்குப் போன லூல்கந்துரத் தேயிலை 23 இறாத்தல். எங்கள் கடையில் ஒரு மாதத்தில் விற்கும் தேயிலைத் தூள் அதைவிடக் கூட.

இதற்கிடையில் 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் தோன்றிவிட்டது. பதினைந்து வருடங்களுக்குள் கோப்பி மலைகள் மொட்டையாகின. துரைமார் பலர் கடனாளிகளாகிக் கப்பலேறினார்கள். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் முறிந்தது. எல்லோரும் ஓடித் தேடியபோது, ஒரு மனிதர் ஒரு மலைச்சரிவில் பல வருடமாகப் பொறுமையாகச் செய்து பார்த்திருந்த பயிர் கையில் இருந்தது. 1890களின் நடுப்பகுதியில் தேயிலை ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கரில் நின்றது. இதில் பெரும் பணம் பண்ணியவர்கள் வேறு ஆட்கள். 1890 இல் வந்து தம்பத்தென்னை முதலான தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர் உலகத்தின் கடைகளிலெல்லாம் தொங்கியது. டெய்லரின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை. அவர் கடைசிவரை சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு துரைதான்.

இவ்வளவையும் வாசிக்கும்போது யாருக்கும் ஒரு மரியாதை வரும். எனக்கும் வந்தது. ஆடம்பரமில்லை, ஊர் சுற்றவில்லை, மலையில் ஒரு வீடு, கண்ணெதிரே தானே வளர்த்த பயிர். நகரத்தில் இருப்பவர்கள் இதைத்தான் இப்போது எளிய வாழ்வு என்று ஆசையோடு பேசுகிறார்கள். ஆனால் அந்த மரவீட்டை வரைந்து முடித்ததும் அதற்குக் கீழே, சரிவில், இன்னொரு கட்டடத்தையும் வரைய வேண்டியிருக்கிறது. லயத்தை வரையாமல் லூல்கந்துரவை வரைய முடியாது.

அந்த 19 ஏக்கரையும் டெய்லர் தனியாக வெட்டவில்லை. வராந்தாவில் கொழுந்தைச் சுருட்டிய கைகளும் அவருடையவை மட்டுமல்ல. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். டெய்லர் வரும்போது தம் சம்பளம் எவ்வளவு என்பது எழுத்தில் தெரிந்திருந்தது. இவர்கள் வரும்போதே கங்காணியிடம் கடன்பட்டிருந்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்கும் வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதென்றால் கடன் தொகையை எழுதிய துண்டு வேண்டும்.

இங்கே கடல் கடந்து ஒரு சிறு கதை சொல்லிவிட்டு வருகிறேன். டெய்லர் கப்பலேறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் எளிய வாழ்வைச் சோதித்துப் பார்க்க வால்டன் என்ற குளக்கரையில் தம் கையாலேயே ஒரு மரவீடு கட்டினார். 1845 ஜூலையில் குடிபோனார். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். அவரைக் காந்தியடிகளும் விரும்பிப் படித்தார். அந்த வீட்டின் அளவு 10 அடிக்கு 15 அடி. நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்குச் சொந்தம். ஊர் நடை தூரத்தில். தாய் வீட்டுக்கு அடிக்கடி போய்வருவார். சோதனை போதும் என்று தோன்றியபோது கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

10 அடிக்கு 15 அடி என்பதை வாசித்த அன்று, எங்கள் பஜாருக்கு மேலேயுள்ள தோட்டத்தில் வசிக்கும் என் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போனேன். வாப்பாவின் கடையிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுபோயிருந்தேன். நானும் அவளும் காம்பராவை அளந்தோம். 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதில்தான் சமையல். தோரோ தனியாக இருந்ததைவிட மூன்றடி குறைந்த அந்த இடத்தில் அவளுடைய அப்பாயி, அம்மா, அப்பா, அண்ணன், அவள், தம்பி என்று ஆறு பேர். நாங்கள் எதற்காக அளக்கிறோம் என்று அப்பாயி கேட்டார். எளிய வாழ்வைப் பற்றிக் கட்டுரை எழுதவென்று தோழி சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனார்.

அந்த வீட்டில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பின்பக்கத்துச் சிறு பாத்தியில் லீக்ஸும் போஞ்சியும் இருக்கின்றன, மூலையில் ஒரு கோழிக்கூடு, விறகு மலையிலிருந்து வருகிறது, தண்ணீர் பீலியிலிருந்து. எளிய வாழ்வைப் பற்றிய புத்தகங்கள் கேட்கும் எல்லாமே இருக்கின்றன. அதிகாலை நாலு மணிக்கு அம்மா எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளை எழுப்பிவிட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறார். நாள் முழுக்கக் கூடையோடு மலையில். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்படி. எளிய வாழ்வு என்பது வேலை குறைந்த வாழ்வல்ல. இயந்திரமும் பணமும் செய்யாத வேலையை யாரோ ஒருவர் உடம்பால் செய்ய வேண்டும். நம் மலைகளில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் பெண். துரைமார் பங்களாக்களிலோ தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் விறகு கொத்தவும் லயத்திலிருந்து ஆள் வந்தது. துரையின் எளிமைக்குப் பின்னால் நின்ற ஆட்களை எண்ணாமல் அந்த எளிமையை நிறுக்க முடியாது.

கடைக்காரர் மகள் என்பதால் இன்னொன்றையும் சொல்வேன். வாப்பாவின் பற்றுக் கொப்பியில் தோட்டத்து வீடுகளின் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். மா, பருப்பு, கருவாடு, எண்ணெய், சவர்க்காரம். சம்பள நாளில் ஒரு கோடு. மறுநாளே அடுத்த வரி தொடங்கும். அந்தப் பக்கங்களைவிட எளிமையான வாழ்க்கைக் குறிப்பை நான் எங்கும் வாசித்ததில்லை. அதை யாரும் விரும்பித் தெரிவு செய்ததாகவும் தெரியவில்லை.

அப்படியானால் டெய்லரின் எளிமை பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. காரணம் அவருடைய கடைசி ஒரு வருடம்.

1891 இல் தோட்டத் துரைமார் சங்கம் பணம் சேர்த்து அவருக்கு வெள்ளியாலான தேநீர்ச் சாமான் தொகுதி ஒன்றைப் பரிசளித்தது. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் இந்த நாட்டில் அடித்தளம் இட்டவர் என்ற பாராட்டு. வராந்தாவில் களிமண் அடுப்பில் தேயிலை வறுத்தவருக்கு வெள்ளிக் கேத்தல்! அதை அவர் எத்தனை முறை பாவித்திருப்பார்? ஏனென்றால் அடுத்த வருடமே, தோட்டத்தை வைத்திருந்த கம்பெனி அவரை ஓய்வெடுத்துக்கொண்டு போகச் சொன்னது. அவர் மறுத்தார். பிறகு வேலையிலிருந்தே விலக்கினார்கள். 16 வயதில் வந்து நாற்பது வருடமாக அந்த மலையை விட்டு அசையாத மனிதர். காட்டை வெட்டியது அவர் காலத்தில், பயிர் அவருடையது, பாதை அவர் போட்டது. ஆனால் நிலத்தில் ஓர் அடிகூட அவருடையது அல்ல. வீடும் கம்பெனியின் வீடு. வேலை போனால் வீடு போகும்.

இந்த வரியை எழுதியபோது என் பேனா நின்றது. வேலை போனால் வீடு போகும் என்பது லயத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா. மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு வீடற்றவன் என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. நாற்பது வருடம் லயத்துக்கு மேலே பங்களாவில் இருந்த துரை, கடைசியில் லயத்துக்காரரின் நிலைக்கே வந்து சேர்ந்தார். வித்தியாசம் இதுதான். அவருக்கு அது கடைசி வருடத்தில் வந்தது. அவர்களுக்கு அது பிறக்கும்போதே காத்திருந்தது.

டெய்லர் லூல்கந்துரவை விட்டுப் போகவில்லை. வயிற்றுளைச்சல் கண்டு, 1892 மே 2 ஆம் திகதி, 57 வயதில், அந்தத் தோட்டத்திலேயே இறந்தார். ஆள் நல்ல பருமன், நீண்ட தாடி. உடலைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். தொழிலாளர்கள் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றிச் சுமந்தார்கள். கங்காணிமார் முன்னே நடந்தார்கள். மற்றத் தொழிலாளர்கள் பின்னே நடந்தார்கள். அவர்கள் அவரைச் சாமித்துரை என்றுதான் அழைத்துவந்தார்கள். கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நடுகல்லில் அவருடைய பெயரும் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் செய்தவையும் பொறிக்கப்பட்டுள்ளன.

சாமி என்ற சொல்லைக் கண்டு இரண்டு விதமாக யோசிக்கலாம். அடிமைப்பட்டவர்கள் எசமானைச் சாமி என்பது வழக்கம்தானே என்பது ஒன்று. என் தோழி அப்படித்தான் சொன்னாள். அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. எனக்கு வேறு விதமாகவும் தோன்றுகிறது. துரைமார் வருவார்கள், மாறுவார்கள், ஊருக்குப் போவார்கள். இந்த ஒருவர் போகவே இல்லை. நாற்பது மழைக்காலம் அவர்களோடு நனைந்தார். அவர்கள் போலவே ஊர் மண்ணை மறுபடி காணாமல் செத்தார். கடைசியில் அவரைச் சுமந்து போனவர்களும் அவர்கள்தான். கூலிக்காக மட்டும் அவ்வளவு தூரம் ஒருவரைத் தோளில் சுமப்பார்களா? இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று நாங்கள் அன்று பேசி முடித்தோம். முடிக்கவில்லை என்றும் சொல்லலாம், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

ஆமாம், பஸ்ஸில். கடந்த வருடம் எங்கள் வகுப்பு லூல்கந்துரவுக்குப் போனது. தெல்தோட்டையைத் தாண்டி மேலே ஏற ஏறப் பாதை ஒடுங்கிக்கொண்டே போகிறது. மரவீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை. கல்லாலான புகைபோக்கி மட்டும் தனியே நிற்கிறது. பக்கத்தில் ஒரு கிணறு. உயரத்தில் கல்லாலான ஓர் இருக்கை இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் அவர் மலைகளைப் பார்ப்பாராம். நாங்களும் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம். என் தோழி உட்கார்ந்தபோது கீழே பார்த்தாள். அங்கிருந்து லயங்கள் தெரிந்தன. கூரைத் தகரங்கள் பறக்காமலிருக்கக் கல் வைத்திருந்தார்கள். புகை எழுந்துகொண்டிருந்தது.

இப்போது தோட்டங்களில் காணி ஒதுக்கித் தனி வீடுகள் கட்டிக்கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் இன்னும் வரவில்லை. வந்த இடங்களிலும் சிலருக்கு உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. தோழியின் வீட்டுப் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவளுடைய அப்பா அந்த இடத்தில் ஏற்கெனவே குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டார். வாசல் எந்தப் பக்கம், கோழிக்கூடு எங்கே, லீக்ஸ் பாத்தி எவ்வளவு நீளம் என்றெல்லாம் தீர்மானமாகிவிட்டது. அப்பாயிக்கு மட்டும் அதில் அக்கறை இல்லை. பத்திரம் யார் பெயரில் வரும் என்பதை மட்டுமே அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.